பாதி ஊசி போட்ட இரண்டு பெண்கள்

மனு வந்தால் மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட்டதைச் செய்ய முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை எழுத்தில் தர வேண்டும். இது விதி. துணை வட்டாட்சியராக இருந்த காலத்தில் இதை மீறியவர்களை நிற்கவைத்து வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவர்களில் யாரும் திருந்தியதாக நினைவில்லை.

இன்னொரு விதியும் அந்த வருஷம் எனக்கு மனப்பாடம் ஆனது. கொரோனாவுக்காக மூடிய கதவை ஐப்பசி மாதத்தில் ஆஸ்திரேலியா திறந்தது. அங்கே குடியுரிமை பெற்றவர்களின் பெற்றோர் வரலாம். ஆனால் இரண்டு தவணை ஊசி போட்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயர், அதே பிறந்த தேதி சான்றிதழிலும் இருக்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்திருக்க வேண்டும். எங்கள் மகள் குடியுரிமை வாங்கி அங்கேதான் இருந்தாள். தை மாதம் தலைப்பிரசவம். மருமகனுக்குத் தாய் தகப்பன் இல்லை. என் மனைவி போயாக வேண்டும்.

குற்றாலம் ரோட்டில் ஒரு டிராவல்ஸ்காரர் இருக்கிறார். சாரல் சீசனில் குளிக்க வருகிறவர்களுக்கு வேன் விட்டுப் பிழைத்தவர். அருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, குளிக்கத் தடை என்று கயிறு கட்டிவிட்டார்கள். அவர் உடனே வளைகுடாவுக்குத் திரும்பத் துடித்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு டிக்கெட் போட ஆரம்பித்தார். எந்த நாட்டுக்குள் நுழைய என்ன வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. பாதி தப்பாக இருக்கும், ஆனால் ஒரு தயக்கமும் இல்லாமல் சொல்லுவார். என் கெட்ட நேரம், அன்று அவர் சொன்னது சரியாக இருந்தது.

"அண்ணாச்சி, மதினிக்கு ரெண்டு சர்டிபிகேட் இருக்கு. ரெண்டுமே முதல் டோஸு."

"ரெண்டு ஊசி போட்டா ரெண்டு பேப்பர் இருக்கத்தான செய்யும்?"

"அது சரிதான். ஆளும்லா ரெண்டா இருக்காவ."

வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் என் மனைவியின் பெயர். மற்றதிலும் என் மனைவியின் பெயர்தான்; ஆனால் வேறு பெயர்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். என் மனைவிக்கும் என் அம்மாவுக்கும் ஒரே பெயர். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை "ஏட்டி" என்று கூப்பிட எங்கள் தெருவில் யாருக்கும் நாக்கு வராது. கல்யாணம் முடிந்த மறுநாள் என் அத்தை ஒருத்தி அவளுக்கு வேறு பெயர் வைத்தாள். பெண்ணைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அன்று முதல் தெருவுக்கு அவள் அந்தப் பெயர்தான். வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த மகானுபாவர் எங்கள் வீட்டுப் படி ஏறச் சோம்பல்பட்டு எதிர்வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போனார். வாக்காளர் அட்டையிலும் அதுவே நிலைத்துவிட்டது. திருத்தக் கேட்டு முறைப்படி விண்ணப்பித்தேன். புது அட்டை வந்தது. பெயர் அப்படியே இருந்தது. வயதை மட்டும் கூட்டியிருந்தார்கள். ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் உண்மையான பெயரில்.

முதல் தவணைக்கு ஆதார் அட்டையோடு தென்காசி ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். அதில் ஒரு பழுதும் இல்லை. இரண்டாவது தவணைக்கு எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். சட்டசபைத் தேர்தல் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதே அறை, அதே பெஞ்சு, வாசலில் வரிசைக்குப் போட்ட அதே சுண்ணாம்புக் கோடு. எங்கள் தெருப் பெண்கள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றால் பீரோவிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்துக்கொண்டுதான் போவார்கள். அத்தனை பேரும் அப்படியே போயிருக்கிறார்கள். இவளும் போனாள். போன் என்னிடம் இருந்ததால் எதிர்வீட்டுப் பெண்ணின் எண்ணைக் கொடுத்தாள். புது அட்டை, புது எண். கம்ப்யூட்டருக்கு இது புது ஆள். முதல் தவணை என்று பதிந்துவிட்டது. மற்ற பெண்களுக்கு இரண்டு அட்டையிலும் ஒரே பெயர் இருந்தும் இதே கதிதான். அவர்கள் யாரும் ஆஸ்திரேலியா போகவில்லை, ஆகவே கவலைப்படவில்லை.

எனக்குத் தெரியாத நடைமுறையா? இரண்டு பெயரில் ஒரே ஆள் இருந்தால், "இருவரும் ஒருவரே" என்று வட்டாட்சியர் சான்று தருவார். அப்படி எத்தனையோ சான்றுகளுக்குக் குறிப்பெழுதியவன் நான். மனைவியைக் கூட்டிக்கொண்டு நான் வேலை பார்த்த அதே அலுவலகத்துக்குப் போனேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு புது உதவியாளர். மனுவைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ரெண்டாவது அம்மா வரலியா?"

"அதுவும் இவதான்."

"அப்படி நீங்க சொல்லுதிய. விசாரணைன்னா ரெண்டு பேரும் ஆஜராகணும்லா சார்?"

என் மனைவி எழுந்தாள். அடுத்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். "இப்ப அவ வந்தாச்சு. கேளுங்க," என்றாள்.

அந்தப் பையனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. "ஒருத்தர் இறந்துட்டதா எழுதிக் குடுத்தா ஈஸியா முடியும் சார்" என்று எனக்கு யோசனை சொன்னான். நான் அங்கே இருந்தபோது இப்படிச் சொல்லியிருந்தால் அவனுக்கு அன்றே குறிப்பாணை போயிருக்கும்.

எப்படியோ சான்று வாங்கினேன். அதை இணைத்து, இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கித் தரும்படி சுகாதாரத்துறைக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். மூன்று நாளில் ஒப்புகை வரவில்லை. நேரில் போனேன். "இது இணையதளத்துல உள்ள பிரச்சினை, எங்க கையில இல்ல" என்றார்கள். இணையதளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டால், "உங்க ஊர் சுகாதார அலுவலகத்தைக் கேளுங்க" என்று ஒரு பெண் இந்தியில் சொன்னாள், பிறகு அதையே தமிழ் மாதிரி ஒன்றில் சொன்னாள். நினைவூட்டு மனு அனுப்பினேன். மேல்முறையீடு அனுப்பினேன். கார்த்திகை தீர்ந்துகொண்டிருந்தது. மகள் போனில் ஒன்றும் கேட்க மாட்டாள். "அம்மா என்ன செய்யுதா?" என்பாள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இதற்கிடையே வீடு வீடாக வந்து ஊசி போடாதவர்களைப் பிடிக்கும் இயக்கம். ஒரு நர்ஸ் அம்மா பட்டியலோடு வாசலில் நின்றாள். என் மனைவியின் இரண்டு பெயர்களும் அதில் இருந்தன, இரண்டுக்கும் நேராக நிலுவை. விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இதுக்கா சார் இம்புட்டு மனு? பாஸ்போர்ட் பேருல ரெண்டாவது டோஸு பாக்கி இருக்கு. அக்கா கையை நீட்டட்டும், இங்கனயே போட்டுருதேன். இல்லைன்னா ஊசி போடாமலே ஏத்திவிடுதேன். நிறைய பேருக்கு அப்படித்தான்."

"வாசலை விட்டு இறங்கும்மா," என்றேன்.

அவள் போனதும் மனைவி ஆரம்பித்தாள். "அவ சொன்னதுல என்ன தப்பு?"

"போடாத ஊசியைப் போட்டதா எழுதினா அது பொய் ஆவணம். மூணாவது ஊசியை ரெண்டாவதுன்னு எழுதினா அதுவும் பொய் ஆவணம். ரெண்டாவதுக்கே காய்ச்சல்ல தலை தூக்க முடியாமக் கெடந்த. இன்னொண்ணு எதுக்கு? நம்ம பக்கம் நியாயம் இருக்கு. பதில் குடுத்தே ஆகணும், அதுதான் விதி."

"விதி விதின்னு சொல்லுதியளே, பிள்ளை பதில் வாரது வரைக்கும் வயித்துலயே காத்துக்கிட்டு இருக்குமா?"

"என் சான்றிதழ் சரியா இருக்கு. வேணும்னா நான் போறேன்."

"போயி? பிரசவ வார்டுல நின்னு அவுகளுக்கு அரசாணை வாசிச்சுக் காட்டுவியளா?"

பேச்சு அன்றோடு நின்றது. சோறு வந்தது, பேச்சு வரவில்லை. மார்கழி பிறந்தது. விடியுமுன் குளித்துவிட்டுப் பெரிய கோவிலுக்குப் போய்வருவாள். ஒரு நாள் வெயில் ஏறியும் காணவில்லை. வந்தபோது இடது கையைத் தூக்காமல் வந்தாள். கையில் ஆதார் அட்டை. தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு என் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். அவளுடைய உண்மையான பெயரில், இரண்டாவது தவணை, இறுதிச் சான்றிதழ்.

"ஒரு பொய்யும் இல்ல," என்றாள். "அந்தப் பேருக்காரிக்கு ரெண்டு ஊசி. எனக்குக் காய்ச்சல் வரும், நான் படுக்கணும்."

வந்தது. முந்தையதைவிட மோசமாக வந்தது. அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நான் சொன்னது சரி என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். தப்பு செய்த அலுவலகம் சும்மா இருந்தது. அதற்கு இவள் உடம்பால் ஈடு கட்டினாள். இதில் மெச்சுவதற்கு என்ன இருக்கிறது?

டிராவல்ஸ்காரர் திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட் போட்டார். தென்காசியில் மூக்கில் குச்சி விட்டார்கள். கேரள எல்லையில், புளியரை சோதனைச்சாவடியில் நான் காகிதக் கட்டை எடுத்து நீட்டினேன். போலீஸ்காரர் டிரைவரைப் பார்த்து, "போ போ" என்றார். விமான நிலையத்தில் ஒரு பெண் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் காட்டி, பெயரையும் பாஸ்போர்ட்டையும் ஒத்துப் பார்த்து, உள்ளே விட்டுவிட்டாள். மூன்று மாதமாக நான் தட்டிய கதவு, அவள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் திறந்தது. என் மனைவி திரும்பிப் பார்த்து, "சுவிட்ச் எல்லாம் பாத்து அணைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொங்கல் கழிந்து பேத்தி பிறந்தாள். பிரசவ அறையில் என் மனைவி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தபோது, "ஒரே ஒரு பேரு வையுங்க, போதும்" என்றாளாம்.

நான் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் அந்த உறையைக் கொண்டுவந்தார். என் முதல் மனுவுக்கான பதில். நினைவூட்டும் மேல்முறையீடும் அவர்கள் கண்ணில் படவே இல்லை போலிருக்கிறது. "மனுவில் கண்ட பயனாளிகள் இருவரில் ஒருவர் இரண்டு தவணைகளையும் செலுத்திக்கொண்டுவிட்டபடியால், மனு முடித்துவைக்கப்படுகிறது. மற்றொருவருக்கு இரண்டாம் தவணை நிலுவையில் உள்ளதால், அவரை உடனடியாக அருகிலுள்ள முகாமுக்கு அழைத்து வரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது." முத்திரை சரியாக இருந்தது. கையெழுத்தும் இருந்தது. நாள் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். பழைய பழக்கம், உறை மேல் நானே எழுதி வைத்தேன்: பெறப்பட்டது, பங்குனி உத்திரத்துக்கு மறுநாள்.