கழுவக் கூடாத தொட்டியும் காதர் பாயும்

நேற்று காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஓடைக்கரையில் வாத்து வளர்க்கும் அஞ்சலை போனில் அழைத்தார். "மேடம், நம்ம பாய் பூட்டாருங்க" என்றவர் மேலே பேச முடியாமல் அழுதார். மந்தாரக்குப்பத்து வீட்டில் தூக்கத்திலேயே காதர் பாய் மறைந்துவிட்டார் என்று அவர் மகள் பிறகு சொன்னார்.

நெய்வேலி நகரியத்தில் குழாயைத் திறந்து கை கழுவும் யாரும் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசிப்பதில்லை. அது எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து, தெளிந்து, ஓடையில் இறங்கி ஆற்றைச் சேர்கிறது. அந்த நிலையத்தின் பொறுப்பாளராக இருந்தவர் காதர் பாய். நான் ஆய்வகத்தில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்று காற்றுத் தொட்டியைக் காட்டினார். அடியிலிருந்து காற்று ஊதப்பட்டுப் பழுப்பாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்தினேன்.

"மூக்க மூடாதீங்க மேடம், கோச்சிக்கும். கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேரு உள்ள உக்காந்து நம்ம அழுக்கத் தின்னுகினு இருக்காங்க. அவங்களுக்குச் சாப்பாடு, நமக்குச் சம்பளம்" என்றார்.

அவர் யார் என்று சொல்ல ஓர் ஆயுத பூஜை போதும். அதற்கு முந்தைய நாள் பாய் வெளியூர்த் திருமணத்துக்குப் போயிருந்தார். புதிதாக வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் பூஜைக்காக மோட்டார்களைத் துடைத்தார்கள், சுவர்களைக் கழுவினார்கள். ஆர்வம் அதோடு அடங்கவில்லை. தொட்டி மட்டும் அழுக்காக இருக்கலாமா என்று மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார்கள். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எல்லாம் செத்துப்போயின. திரும்பி வந்த பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பூஜ போட வேண்டிய சாமியையே கொன்னுட்டீங்களேப்பா!"

திட்டு அவ்வளவுதான். ஓடைக்குப் போகும் மதகை அடைத்து, வரும் சாக்கடையை அவசரக் குளத்துக்குத் திருப்பினார். குளம் நிரம்புவதற்குள் தொட்டிக்கு உயிர் வர வேண்டும். இல்லாவிட்டால் சாக்கடை அப்படியே ஆற்றில் விழும்.

"ஒரு நாளு தொறந்து வுட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர்.

"அஞ்சல வாத்துக்குத் தெரியுங்க" என்ற பாய், மதகின் கைப்பிடியைக் கழற்றித் தன் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

மருந்து நெடி போகும்வரை தொட்டியில் காற்றை ஊதவிட்டார். பிறகு, தயிருக்கு உறைமோர் வாங்குவதுபோல, பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றை லாரியில் வாங்கிவந்தோம். அதிலுள்ள உயிர்கள் பெருகத் தீனியாக, மந்தாரக்குப்பத்தில் மாடு வைத்திருந்தவர்களிடம் பாயே போய்ச் சாணம் கேட்டார். அஞ்சலையும் கூடையில் சுமந்து வந்தார். கழுவிக் கெடுத்த அதே ஆட்கள் கரைத்துத் தொட்டியில் ஊற்றினார்கள்.

குளம் விளிம்பைத் தொட்ட காலையில், பாய் ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டி நீரை மொண்டு மேசைமேல் வைத்தார். எல்லோரும் சுற்றி நின்றோம். பழுப்புச் சேறு மெல்ல அடியில் படிய, மேலே தண்ணீர் தெளிந்தது. நான் சோதித்துப் பார்த்துத் தலையசைத்ததும் பாய் ஸ்கூட்டரை நோக்கி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடியவரை நான் பார்த்ததில்லை. மதகு திறந்ததும் நாங்கள் போட்ட கூச்சல் ஓடைக்கரை வரை கேட்டதாம். ஜெயித்துவிட்டோம். ஆற்றுக்கு ஒரு சொட்டு அழுக்குக்கூடப் போகவில்லை.

அதன்பிறகு எங்கள் ஆயுத பூஜையில் முதல் சந்தனப் பொட்டு அந்தச் சேற்று ஜாடிக்குத்தான். பாய் ஓரமாக நின்று ரசித்துவிட்டு, பொரியில் முதல் பங்கை உரிமையோடு கேட்டு வாங்கிக்கொள்வார்.

நேற்று அடக்கம் முடிந்து எல்லோரும் நிலையத்துக்கே வந்தோம், அஞ்சலையும்தான். ஜாடியில் நீர் மொண்டு, அவர் வைக்கும் அதே இடத்தில் வைத்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. கலங்கிய கண்ணுக்கும் அந்தத் தண்ணீர் தெளிவாகவே தெரிந்தது. வெளியே வாத்துகள் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தன.

மதகு திறந்துதான் இருக்கிறது, பாய். நிம்மதியாகப் போய்வாருங்கள்.