வெள்ளச்சியின் காது

அய்யம்மாளை எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி எனக்கே தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ராஜபாளையத்துக்கு மாற்றலாகி நான் அங்கே குடிவந்து இரண்டு வருஷம். ரேஷனுக்குப் போவாள், தண்ணீர் பிடிப்பாள், புருஷன் கூப்பிட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். அவர் அவளை இரண்டாம் முறை கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

புருஷன் தனுஷ்கோடி நூல் மில்லில் இருபத்தெட்டு வருஷம் மேஸ்திரி. ஓய்வு பெற்றபின் அதிகாரம் பண்ண ஆளில்லாமல் நாய் வளர்த்தார். வன்னியம்பட்டி மச்சினன் சும்மா கொடுத்த குட்டி. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பெயர் வெள்ளச்சி. கூப்பிட்டால் வராது. வராததற்கு அடி. மூன்று வருஷமாகத் தினமும் அடி. சுவருக்கு இந்தப் பக்கம் பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது.

ராஜபாளையத்து வெள்ளை நாய்களில் சிலது பிறவிச் செவிடு. இதுவும் அப்படித்தானோ என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு எம்புட்டுத் திமிருன்னு ஒங்களுக்குத் தெரியாது டீச்சரம்மா" என்று சிரித்தார். பொம்பளை சொல்லிக் கேட்கிற ரகமா அந்த மனுஷன்? டாக்டர் வாயால் சொல்லவைத்தால் அடி நிற்கும் என்று கணக்குப் போட்டேன். வெறிநாய்த் தடுப்பூசிக்குத் தேதி தாண்டிவிட்டது, யாரையாவது கடித்தால் வம்பு என்று பயமுறுத்தி, புருஷன் பெண்டாட்டி நாய் மூவரையும் கிளப்பினேன்.

"அது நல்லாத்தான இருக்கு, என்னத்துக்கு டீச்சர்?" என்று அய்யம்மாள் மட்டும் முனங்கினாள். வீட்டு வேலை கெடுகிறதே என்று கவலைப்படுகிறாள் என நினைத்தேன். எனக்கு அம்புட்டுத்தான் புத்தி.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஷீனா டாக்டர் வெள்ளச்சியை எடை பார்த்தார். வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர் வைத்தார். உதட்டைப் பிதுக்கி ஈறும் பல்லும் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். உண்ணி இருக்கிறதா என்று ரோமத்தை விலக்கியவர் முதுகில் கையை நிறுத்தினார்.

"என்ன தழும்பு இதெல்லாம்?"

"சொன்ன பேச்சு கேக்காது டாக்டர். அதான் ரெண்டு போடுவேன்" என்றார் தனுஷ்கோடி.

டாக்டர் ஒரு ஸ்டீல் தட்டை எடுத்து நாய்க்குப் பின்னால் தரையில் போட்டார். அந்தச் சத்தத்துக்கு அய்யம்மாள் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து நின்றாள். வெள்ளச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்குக் காதே கேக்காது சார். பொறப்புலயே அப்படித்தான் இருக்கும். அடிச்சு ஒண்ணும் ஆகாது. கைச் சைகை காட்டிப் பழக்குங்க. பின்னால இருந்து திடீர்னு தொடாதீங்க. ரோட்டுல சங்கிலி இல்லாம விடவே விடாதீங்க." ஊசியைப் போட்டு, குடல்புழு மாத்திரை கொடுத்து, அடுத்த தேதியை அட்டையில் எழுதினார்.

"வாயில்லா ஜீவன இத்தன நாளா அடிச்சுட்டேனே" என்று தனுஷ்கோடி கண் கலங்கிவிட்டார். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் ஆட்டோ பார்க்கப் போனார். "இனிமே இத அடிக்க மாட்டாரு மதினி" என்றேன் அய்யம்மாளிடம்.

"கேக்காதுன்னு அது வந்த மாசமே எனக்குத் தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுமா வாயத் தெறக்கல?"

"இருவத்தஞ்சு வருஷம் நான் வாங்குனேன். அது வந்த பொறவு ஒருநாளும் என் மேல கை படல. அத அடிச்சே களைச்சுப் போயிருவாரு." சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அது முதுகுல மஞ்சப் பத்து போடுறதும் நாந்தான்."



அந்த வாரம் தனுஷ்கோடி நாய்க்குத் தினமும் முட்டை அவித்துக் கொடுத்தார். கையைக் காட்டினால் வரப் பழக்கினார். என்ன மனசு பாருங்கள் என்று தெருவே மெச்சியது. சனிக்கிழமை சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம், "ஏட்டி, எத்தன தடவ கூப்பிட?" என்ற குரல் கேட்டது. பிறகு கேட்ட சத்தம் எனக்கு இரண்டு வருஷப் பழக்கம். கதவைத் தட்டினேன், திறக்கவில்லை.

மறுநாள் குழாயடியில் அவள் உதடு வீங்கியிருந்தது. "வாங்க, போலீஸ்ல சொல்லுவோம். நான் கூட வாரேன்" என்றேன். கோபப்பட்டுத் திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

"நீங்க இதுவரைக்கும் செஞ்ச ஒத்தாசையே போதும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.