மூன்றரை மாதத் தலையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

போனது மூன்று பேர். நான், செட்டியார்பட்டியில் தறி ஓட்டுகிறவன், வயது முப்பத்து நாலு. என் அக்கா. அக்கா புருஷன், கூமாப்பட்டியில் நெல்லும் கரும்பும் போடுகிற மச்சான்.

முன்தலை வழுக்கை என்று மூன்று பெண் வீட்டில் வேண்டாம் என்றார்கள். அதனால் மூன்றரை மாதம் முன்பு பின்தலை முடியை எடுத்து முன்னால் நட்டுக்கொண்டேன். ஐந்தாவது வாரம் நட்டது எல்லாம் கொட்டியது. மச்சானுக்குப் போன் போட்டேன். "விழுந்த நாத்த வீணாக்காதல. எடுத்து வை, திரும்ப ஊனிரலாம்" என்றார். தலையணையில் கிடந்ததை எல்லாம் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்தேன். நட்ட டாக்டர் மாதம் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவார். அவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

காலை 9.20. ராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்குப் பதினைந்து ரூபாய். ஜன்னல் ஓரம் உட்காரவில்லை, காற்றில் தொப்பி போய்விடும். இடது பக்கம் மலை கூடவே வந்தது. நான் அதிகம் பார்க்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணாச்சி, நெஞ்சு வலியா? தொட்டுத் தொட்டுப் பாக்கிய" என்றார் கண்டக்டர்.

"அவன் முடியெல்லாம் பைக்குள்ளல்லா இருக்கு" என்றாள் அக்கா.

"ஏட்டி, சும்மா வா" என்று மச்சான் அதட்டினார்.

9.50. கோபுரம் தெரிந்தது. அக்கா கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். கேட்க ஒன்றுதான் இருந்தது.

10.30. டாக்டர் பொட்டலத்தைப் பிரித்தார்.

"இது எதுக்கு?"

"திரும்ப நடத்தான் சார். ஒண்ணு விடல" என்றார் மச்சான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இது மேல இருந்த முடி மட்டும்தான். வேர் தோலுக்குள்ள இருக்கு. நட்டது பெரும்பாலும் கொட்டத்தான் செய்யும். மூணு நாலு மாசத்துல பூனைமுடி மாதிரி வரும். ஆறு மாசத்துக்கு மேல பாத்தாத் தெரியும். முழுசா வர ஒரு வருஷம் ஆகும்."

மச்சான் தொடையில் தட்டினார். "அட, கட்டைக் கரும்பு! வெட்டுன பொறவு தூருலருந்து வருமே, அம்புட்டுதானா? ஏலே மாப்ளே, நான்தாம்ல தப்பாச் சொல்லிட்டேன்."

"எல்லாம் வருமா சார்?" இத்தனை நாளாக யாரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

"எல்லாம்னு சொல்ல மாட்டேன். பாப்போம்."

முன்தலையில் பேனாவால் நகமளவு ஒரு கட்டம் போட்டார். அதற்குள் நட்டது முப்பத்தைந்து என்று நட்ட அன்று எழுதிய சீட்டில் இருந்தது. லென்ஸை வைத்து, புதிதாக முளைத்திருந்ததை எண்ணினார். மச்சானும் குனிந்து வாய்க்குள் எண்ணினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொன்னார்கள்.

பதினாறு.