வளர்மதி போட்ட சிவப்பு வட்டங்கள்

சிம்மக்கல்லில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது வளர்மதி இறந்த செய்தி வந்தது. மதுரை அலுவலகத்தில், மேசையிலேயே மாரடைப்பு. அவரை அறிந்த உங்களுக்கு அந்த மேசையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மலையில் இருக்க வேண்டியவரை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

நாங்கள் இருவரும் மலைமேல் உள்ள நீர்மின் அணையில் பராமரிப்புப் பொறியாளர்கள். கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய அணை. அதன் உள்ளே ஆள் நடந்துபோகும் சுரங்கம் ஒன்று உண்டு. அங்கே கசிவு கண்ட இடத்தைச் சுற்றி வளர்மதி சிவப்புக் கிரேயானால் வட்டம் போடுவார். ஈரம் வட்டத்தைத் தாண்டினால் அதற்கு வெளியே இன்னொன்று. கசியும் நீர் காரையிலிருந்து அரித்துக் கொண்டுவரும் சுண்ணாம்பு வடிகால் துளைகளை அடைத்திருந்தது. அவை அடைபட்டால் அடியில் தேங்கும் நீர் அணையையே மேலே தூக்கப் பார்க்கும். கீழே இருப்பவை நம் ஊர்கள். துளைகளைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் டீ வந்தது.

மேலதிகாரிகள் வருமுன் சுரங்கத்துக்கு வெள்ளையடிப்பது அங்கே வழக்கம். ஒருமுறை எங்கள் செயற்பொறியாளர், “ஏம்மா, பெரியவரு வாராரு. செவுரு இம்புட்டுக் கறையா இருந்தா நல்லாவா இருக்கு?” என்றார்.

“காய்ச்சக்காரனுக்குப் பவுடர் பூசுனா காய்ச்சல் போயிருமா சார்? உள்ள இருக்க சுண்ணாம்பு வெளிய போகுது. நீங்க வெளிய சுண்ணாம்பு பூசச் சொல்றீக.”

வாளியோடு நின்ற பெயின்டர் முத்தையா சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீகண்ணே. வட்டத்துல பிரஷ் பட்டுச்சு, வாளியோட அணைக்குள்ள தள்ளிருவேன்.”

“எனக்கு நீச்சல் தெரியும்மா.”

“வாளிக்குத் தெரியாதுல்ல.”

அன்று பிரஷ் படவில்லை. சில வாரங்களில் அவருக்கு மதுரை மேசைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கிளம்பும்போது கிரேயானை என் கையில் திணித்து, “பத்திரமா வச்சுப் பூட்டிறாத, தேயணும்” என்றார்.

போன வாரம் அணையின் அலுவலகத்தில் அவர் படத்தைத் திறந்து வைத்தார்கள். மாற்றலில் கையெழுத்திட்டவர், “அணைக்குக் காவல் தெய்வம்” என்று தழுதழுத்தார். கூட்டம் முடிந்ததும் சுரங்கத்துக்குள் போனேன். முழுக்க வெள்ளை. ஒரு வட்டம்கூட இல்லை.

முத்தையா பின்னாலேயே வந்தார். “மேடத்துக்கு விழா, பெரிய ஆளுக வாராகன்னு அடிக்கச் சொல்லிட்டாக. நான் என்னம்மா செய்ய?”

இதுதான் அவருக்குச் செய்த மரியாதை. துளைகள் அடைபட்டே இருக்கின்றன. புது வெள்ளையில் அதற்குள்ளாகவே கையகல ஈரம் ஊறியிருந்தது.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கிரேயான் மட்டும்தான். பாதி தேய்ந்திருக்கிறது. பையிலிருந்து எடுத்து ஈரத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். முத்தையா டார்ச்சைத் தூக்கிப் பிடித்தார்.