மோட்டாரின் நாலாவது கால்

சூளகிரிப் பக்கம் எங்கள் பட்டறைக்கு வருவது சிங்கிள் ஃபேஸ் கரண்ட். லேத்துக்கோ த்ரீ ஃபேஸ் வேண்டும். அதற்காகப் பழைய மோட்டார் ஒன்றில் கெபாசிட்டர் மாட்டி நானே கன்வெர்ட்டர் செய்து வைத்திருந்தேன். ஒரு வருஷம் சமர்த்தாக ஓடியது. ஆயுத பூஜை முடிந்து ஸ்விட்சைப் போட்ட அன்று, பேய் பிடித்த மாதிரி ஆடியது.

மோட்டார் ஆட, தரை அதிர்ந்தது, லேத்தும் அதிர்ந்தது. கடைந்த ஷாஃப்ட் முழுக்க வரி வரியாகக் கோடு. ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு அன்று மாலை நாலு மணிக்குள் ஆறு ஷாஃப்ட் சாம்பிள் தர வேண்டும். பாஸானால் ஆர்டர் எனக்கு. பதினோரு வருஷம் பார்த்த கம்பெனி வேலையை விட்டதே இப்படி ஒரு ஆர்டரை நம்பித்தான்.

கெபாசிட்டரை மாற்றினேன். பேரிங்கை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"பூஜைக்குக் கழுவறேன்னு நீ குடம் குடமாத் தண்ணி ஊத்தினதுதான்!" என்று மனைவி மேல் பாய்ந்தேன். மணி இரண்டு ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம்.

மோட்டார் காலில் இருந்த போல்ட்டுகளை இன்னும் இறுக்கினேன். ஆட்டம் கூடியது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று ஒன்றைத் தளர்த்தினேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது!

அவள் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "ஏங்க, இந்தக் காலுக்கு அடியில ஒரு தகரத் துண்டு இருந்துச்சே. பூஜைக்குப் பெயிண்ட் அடிக்கறப்ப, அசிங்கமா இருக்குதுன்னு நீங்கதான உருவிப் போட்டீங்க?"

நானேதான். மோட்டார் நிற்கிற மேடை சமமில்லை என்று அந்தத் தகரத்தை வைத்தவனும் நானே. அது போனதும் நாலாவது கால் அந்தரத்தில் நின்றது. இறுக்க இறுக்க மோட்டாரின் உடம்பே முறுக்கிக்கொண்டது. மூளை இருக்கிறவன் செய்கிற காரியமா இது?

பிஸ்கட் டின்னை வெட்டி, இரண்டு மூன்று கனத்தில் வைத்துப் பார்த்துச் சொருகினோம். மோட்டார் அடங்கியது. முதல் ஷாஃப்ட் கோடே இல்லாமல் வந்தபோது மணி நாலு தாண்டி ஐந்து நிமிஷம்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "ஒரு ரெண்டு மணி நேரம் குடுங்க சார்."

"இன்னொருத்தர் குடுத்தது பாஸாயிடுச்சுங்க. லேட் பண்ணிட்டீங்களே."

போனை வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"மீதி அஞ்சையும் கடைஞ்சிடுங்க," என்றாள்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த கம்பியை எடுத்து மாட்டினேன்.