சும்மா ஒன்று

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் ஆராய்ச்சிக்கூடத்தைப் பற்றி எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிற ஆள் நான். கண்ணாடிச் சாமான் கழுவுவதும், மாலையில் அறையைப் பூட்டுவதும்தான் என் வேலை.

காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் கூடத்துக்குப் பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு ஆராய்ச்சி மாணவி வருவார். ஒரு நோயில் செல்களின் மேல் ஏதோ ஒரு புரதம் கூடுகிறது என்று காட்டுவதுதான் அவருடைய ஆய்வேடு. அந்தப் புரதத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் இருக்கும். பிடித்த செல் இயந்திரத்தில் மின்னும். கூடவே இன்னொன்றையும் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டுமாம். அதே வகை, அதே சாயம், ஆனால் அந்தச் செல்லில் அது பிடிக்க எதுவும் கிடையாது. ஐசோடைப் கன்ட்ரோல் என்பார்கள். அதுவும் அதே அளவு மின்னினால், முதலாவது புரதத்தைப் பிடிக்கவில்லை, கண்ட இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கூடத்தில் அந்தக் கன்ட்ரோலுக்குப் பெயர் ‘சும்மா’.

சாமான் வாங்கித் தருகிற அலுவலரிடம் மாணவி ஆன்டிபாடியின் பெயரைச் சொல்லிவிட்டு, “சும்மா ஒண்ணு சேத்துக்கங்கண்ணே” என்றார். அவரும் சும்மா ஒன்று சேர்த்துவிட்டார். அதே ஆன்டிபாடியில் இரண்டு குப்பி வந்து இறங்கின.

“நீங்கதானம்மா சும்மா ஒண்ணு கேட்டீக?” என்றார் அவர். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். சரியான சும்மாவுக்கு மறுபடி எழுதிப் போட்டார்கள்.

“அது வர்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு இருப்பீகளா? பண்ணுங்க” என்றார் மாணவிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர். மாணவியும் சும்மா இல்லாமலே மாதக்கணக்கில் பண்ணினார். படங்கள் நன்றாக வந்தன, அத்தியாயமும் எழுதியாகிவிட்டது. ஆய்வேட்டைக் கொடுக்கும் சமயத்தில்தான் உண்மையான சும்மா வந்து சேர்ந்தது.

அன்று மாலை மாணவி இரண்டையும் இயந்திரத்தில் ஓட்டினார். நான் சாவியோடு நின்றிருந்தேன். திரையில் ஆன்டிபாடிக்கு ஒன்று, சும்மாவுக்கு ஒன்று என்று இரண்டு மேடுகள் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன. மறுபடியும் ஓட்டினார், அப்படியேதான்.

“இது ஒட்டக்கூடாதுக்கா.”

“கழுவினது சரியில்லையோ?”

“எல்லாம் கழுவியாச்சு.” நின்று நின்று எனக்குக் கால் வலித்தது.

பேராசிரியர் வந்து பார்த்தார். “பழைய படம் நல்லாத்தானே இருக்கு. இந்தச் சும்மாவ யாரு கேக்கப் போறாக?”

“வேற யாராச்சும் இப்படிக் கொண்டாந்தா நானே கேப்பேன் சார்.”

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “அப்ப இந்த வருசம் பட்டம் கெடையாதும்மா. வீட்டுல சொல்லிருவீகளா?”

“சொல்லணும்.”

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் விளக்கை அணைத்தேன்.

மறுநாள் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். அந்தச் செல்கள் இருந்த பழைய குழாய்களை நான் கிருமி சாக வேகவைத்துக் குப்பைப் பையில் கட்டினேன்.