முதிரையடி வீட்டுக்கு இரண்டு குரல்

எங்கள் ஊரின் சரித்திரத்தை நான் ஜுபைலில் இருந்துதான் எழுதினேன். ஊரில் இருப்பவர்களுக்கு ஊர் தெரியும், எழுதத் தேவையில்லை. நாங்கள்தான், சவூதியின் இந்தக் கரையில் குழாய்களுக்கும் புகைக்கூண்டுகளுக்கும் இடையே டியூட்டி பார்ப்பவர்கள், வெள்ளிக்கிழமைதோறும் ஊரை வாயால் கட்டிக்கொண்டிருந்தோம். ஊர்ச் சங்கம் ஒரு மலர் போட முடிவெடுத்தது. எழுதுகிற கை எது என்றதும் எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் மறுக்கவில்லை. இங்கே என்னைவிட நன்றாக எழுத ஆளில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஊர் இலங்கையின் வடக்கே, வன்னிக் கரையோரம். தீவு இரண்டாகப் பிளந்தபோது பிளவு எங்கள் வயல்களுக்குள்ளால் போனது. பிறகு ஊருக்குள்ளும் புகுந்து கோயில் தெருவையும் பள்ளிவாசல் தெருவையும் பிரித்தது. நான் கோயில் தெரு. எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது, எங்கள் பெயரால் ஆயுதம் தூக்கியவர்கள் வந்து பள்ளிவாசல் தெருவைக் காலிசெய்யச் சொன்னார்கள். ஒரே ஒரு பகல், அவ்வளவுதான் அவகாசம். கோயில் தெரு கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. எங்கள் வீட்டுக் கதவும் சாத்தித்தான் இருந்தது.

அதற்கு முன்னால் அந்த ஊரை ஒன்றாக வைத்திருந்தது எது என்று கேட்டால் நான் திருவிழாவைச் சொல்லமாட்டேன். பங்கு இறைச்சியைச் சொல்வேன். பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கும். பள்ளிவாசல் தெருக்காரர் ஒருவர் வந்து அறுப்பார், அப்போதுதான் இரண்டு தெருவும் தின்னலாம். இறைச்சியைப் பனையோலையில் குவியல் குவியலாக வைப்பார்கள். ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஏதாவது ஒரு குவியலைத் தொட்டு, “இது ஆருக்கு?” என்பார். நிற்பவர் காணாமலே ஒரு பெயரைச் சொல்வார். வீட்டின் பெயரைத்தான் சொல்வார், ஆளின் பெயரை இல்லை; அந்த வீட்டார் ‘ஓம்’ என்று கையை நீட்டுவார். ஈரல் ஒருவருக்குப் போகும், எலும்பு ஒருவருக்குப் போகும், ஆரும் ஆரையும் குறை சொல்ல முடியாது. கடைசிக் குவியல் போகும்வரை பெயர் சொல்பவர் திரும்பக் கூடாது.

ஜுபைலில் இதை மறுபடி தொடங்கியவன் நான்தான். பனையோலைக்குப் பதிலாகச் சாப்பாட்டுக்கு விரிக்கிற பிளாஸ்டிக் சுஃப்ரா. இங்கே எந்தக் கடையில் வாங்கினாலும் இரண்டு தெருவும் தின்னக்கூடிய இறைச்சிதான். ஆனால் வந்ததெல்லாம் ஒரு தெருதான், பல வருடங்களாக.

பிறகு ஒருநாள் அல் கோபாரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கைபேசிக் கடையில் வேலை செய்பவர்.

“அண்ணன், நான் பள்ளிவாசல் தெரு. ஊரை விட்டு வரக்குள்ள எனக்குப் பத்து வயசு. உங்கட பங்குக்கு நானும் வரலாமா?”

“வாங்கோ. இதைக் கேக்கவும் வேணுமோ?”

“இறைச்சிக்கு இல்ல. இறைச்சி கோபார்லயும் கிடக்கு. எங்கட வீட்டுப் பேரை ஊராக்கள் வாயால ஒருக்கா கூப்பிடக் கேக்கோணும். நீங்க எழுதுற புத்தகத்திலயும் அது வரோணும். வருமா?”

எந்த வீடு என்று கேட்டேன். முதிரையடி வீடு என்றார், வாசலில் முதிரை மரம் நின்ற வீடு. பங்குக்கும் மலருக்குமாகச் சங்கத்தார் எழுதித் தந்த வீட்டுப் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பெயர் ஏற்கெனவே இருந்தது. “இருக்கு, கட்டாயம் வரும்,” என்றேன், பெரிய வாக்காக. பள்ளிவாசல் தெரு வீடு ஒன்று அந்தப் பட்டியலுக்குள் எப்படி வந்தது, யார் அதைக் கொடுத்தது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வந்து சேர்ந்தார். எங்கள் கேம்ப்பில் சமைக்கிறவர் வந்தவர்களை எண்ணி ஆளுக்கொரு குவியல் வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டார். நான் சுவரைப் பார்த்து நின்று வீடுகளைச் சொன்னேன். கிணற்றடி வீடு. ஓம். சங்கக்கடை வீடு. ஓம்.

“இது ஆருக்கு?”

“முதிரையடி வீடு.”

“ஓம்.”

“ஓம்.”

என் முதுகுக்குப் பின்னால் இரண்டு குரல்கள்.

“என்னப்பா, ஒரு வீட்டிலையிருந்து ரெண்டு பேர் கையை நீட்டுறியள்?” என்றார் சமையல்காரர். நான் தோளை அசைத்ததும் கத்தினார். “அண்ணை, திரும்பாதேங்கோ! திரும்பினா முதல்லேயிருந்து கலந்து வைக்கோணும், எனக்கு ஏலாது!”

நின்றேன். ஏசியிலிருந்து தண்ணீர் பெயின்ட் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு குரல் கோபார்க்காரருடையது. மற்றது கிரேன் ஓட்டுகிற, நாங்கள் எல்லோரும் தம்பி என்று கூப்பிடுகிற பொடியனுடையது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிவாசல் தெரு வெறுமையாகிச் சில வருடங்களுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் அவனுடையது. வந்து இருந்தது அந்த வீட்டில்.

“தம்பி, அது நான் பிறந்த வீடு.”

“நான் வளந்த வீடு. எட்டு வருசம் இருந்தனாங்கள்.”

“நான் பத்து.”

“அப்ப ரெண்டு வருசம் அவருக்குக் கூட,” என்றார் சமையல்காரர். யாரும் சிரிக்கவில்லை.

“உங்கள ஆரு அங்க இருக்கச் சொன்னது?”

“ஷெல்லடிதான் சொன்னது. எங்கட வீட்டை ஆமி பிடிச்சிட்டான். நாங்கள் வரேக்கை உங்கட வீடு திறந்து கிடந்தது. இது ஆற்றை வீடு எண்டு ஊரிலை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை.”

சொல்லவில்லைதான். சொல்லியிருக்க வேண்டியவர்கள் எல்லாம் அந்த அறையில்தான் இருந்தோம்.

கோபார்க்காரர் சமையலறையைப் பற்றிக் கேட்டார்: “குசினிக் கதவு நிலை இருந்ததா?”

“நாசமாப் போன நிலை. எத்தினை தரம் மண்டையை உடைச்சது! ஆர் அதை அவ்வளவு பதிவா வச்சது?”

“எங்கட வாப்பா. ஆள் கட்டை. தன்ட தலைக்கு அளவு பாத்து வச்சிட்டார். உம்மா நெட்டை. வாப்பாக்குக் கடைசி வரைக்கும் ஏச்சுத்தான்.”

இப்போது அறை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தம்பியின் குரல் வந்தது, வறண்டு. “அண்ணை, அவருக்குக் குடுங்கோ. பட்டியலிலை என்னை வெட்டிவிடுங்கோ.”

“அப்ப நீ எந்த வீடு?” என்று கேட்டார் கோபார்க்காரர்.

எங்கள் ஊர்ப் பங்கில் ஒரு வீட்டை இரண்டு முறை கூப்பிட்ட வழக்கமில்லை. வழக்கத்தை மறுபடி தொடங்கியவனே நான்தானே, எனக்கு யார் தடை? “தொட்ட குவியல் கோபார்க்காரருக்கு,” என்றேன் சுவரைப் பார்த்தபடி. “அடுத்ததைத் தொடும்.”

“இது ஆருக்கு?”

“முதிரையடி வீடு.”

சற்றுப் பிந்தி, இந்த முறை தம்பியின் குரலில் மட்டும் “ஓம்” வந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியதும் கோபார்க்காரர் என் கைபேசியை வாங்கி மலருக்கான கட்டுரையைப் படித்தார். ‘யுத்தத்தின் காற்றில் எங்கள் மக்கள் திசையெங்கும் சிதறினர்’ என்று எழுதியிருந்தேன். எனக்குப் பிடித்த வாக்கியம்.

“வடிவா இருக்கு அண்ணன். ஆனா இதில நாங்க இல்ல. எங்களக் காத்து கொண்டுபோகல்ல.”

“இனி ஏன் பழசைக் கிளறோணும்?” என்றார் சங்கத்தின் செயலாளர்.

“சரித்திரம் எண்டு பேர் வச்சிட்டுப் பழசைக் கிளறாமல் வேறை என்னத்தைக் கிளறுறது?” என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து அந்த வாக்கியத்தை அழித்தேன். வருத்தமில்லை, என்னால் வேறு எழுத முடியும். எழுதினேன்: ‘முதிரையடி வீட்டாரை, பள்ளிவாசல் தெருவின் எல்லா வீட்டாரோடும் சேர்த்து, ஒரே பகலில் துரத்தினார்கள். கோயில் தெரு கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. பிறகு அந்த வீட்டில், வேறிடத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பம் எட்டு வருடம் இருந்தது. வீடு யாருடையது என்று நாங்கள் அவர்களிடம் சொல்லவில்லை.’

செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போனார். கோபார்க்காரர் படித்து முடித்து, எனக்குத் திருப்பித் தராமல் தம்பியிடம் நீட்டினார். அவன் இரண்டு முறை படித்தான்.

“எட்டு இல்லை அண்ணை,” என்றான். “எட்டரை.”

“அந்த அரையையும் போடுங்க அண்ணன்,” என்றார் கோபார்க்காரர்.